மூச்சு அவருடையதா, மிஷினுடையதா? சுவாச உழைப்பை அளக்க, ஐ.சி.யு.வுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் எந்த ஐ.சி.யு. வாசலில் பத்து நிமிடம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "மூச்சு அவரே விடறாரா டாக்டர், இல்ல மிஷின் விடுதா?" திருவண்ணாமலையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்த அத்தை கேட்பார். நைட் ஷிஃப்டை விட்டுவிட்டு ஓடிவந்த மகன் கேட்பான். நாமும் பழக்கத்தில் "ரெண்டும்தாம்மா. அவரும் இழுக்கிறார், மிஷினும் சப்போர்ட் பண்ணுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவோம்.

பதில் தப்பில்லை. ஆனால் அவர் பங்கு எவ்வளவு, மிஷின் (வென்டிலேட்டர்) பங்கு எவ்வளவு என்று யாராவது திருப்பிக் கேட்டால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். நானும் விழித்திருக்கிறேன்.

நான் டியூட்டி டாக்டராக இருந்த காலம். நிமோனியாவோடு வந்த ஐம்பது வயதுக்காரர், நான்காவது நாள். எக்ஸ்ரே தெளிந்துவிட்டது, மயக்க மருந்தைக் குறைத்து பிரஷர் சப்போர்ட்டுக்கு, அதாவது அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மிஷின் குறித்த அழுத்தத்தில் துணை கொடுக்கும் முறைக்கு, மாற்றியாயிற்று. இரவு இரண்டு மணிக்கு ரவுண்ட்ஸில் மானிட்டரைப் பார்த்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 98 சதவீதம், டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்று) 430 மி.லி., மூச்சு நிமிடத்துக்கு 24. எந்த அலாரமும் இல்லை. "நல்லா இருக்கார்" என்று எழுதப் பேனாவை எடுத்தபோது, பக்கத்துப் படுக்கைக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சீனியர் சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கழுத்தைப் பாருங்க டாக்டர்."

அந்தக் கழுத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் எதை அளக்கிறோம் என்பது புரிய வேண்டும்.

மீன்பாடி வண்டிக் கணக்கு

பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் சரக்கேற்றிய பழைய மிதி மீன்பாடி வண்டி ஒன்று ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மிதிக்கிறார், பின்னால் ஒரு பையன் தள்ளுகிறான். தூரத்தில் நிற்கும் உங்களுக்குத் தெரிவது வண்டியின் வேகம் மட்டும். மிதிப்பவர் உயிரைக் கொடுத்து மிதிக்கிறாரா, பெடலில் காலை வைத்துக்கொண்டு சும்மா வருகிறாரா என்பதை அந்த வேகம் சொல்லாது.

டைடல் வால்யூம் அந்த வேகம்தான். உள்ளே போன காற்றின் அளவை அது சொல்லும், அதை இழுத்தது யார் என்று சொல்லாது. ஒரு மூச்சு உள்ளே போக நுரையீரல், நெஞ்சுக்கூடு இரண்டின் விறைப்பையும் காற்றுப்பாதையின் தடையையும் தாண்ட வேண்டும். அதற்கு வேண்டிய அழுத்தத்தை மிஷினும் தசைகளும் கூட்டாகக் கொடுக்கின்றன. மிஷின் கொடுப்பது ஸ்கிரீனில் தெரியும், தசை கொடுப்பது தெரியாது. அந்தத் தெரியாத பங்கை வெளியே கொண்டுவருவதுதான் கீழே வரும் எல்லா முறைகளின் வேலையும்.

இயற்பியல் பாடத்தில் வேலை என்பது அழுத்தம் பெருக்கல் கொள்ளளவு என்று படித்திருப்போம். 10 செ.மீ. நீர் அழுத்தத்தில் 1 லிட்டர் காற்றை நகர்த்தினால் ஏறக்குறைய 1 ஜூல். ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு லிட்டருக்குச் சுமார் அரை ஜூல் போதும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நோயாளி முழு பலத்தோடு இழுத்தும் காற்று உள்ளே வரவில்லை என்றால் கொள்ளளவு பூஜ்யம், அதனால் வேலையும் பூஜ்யம் என்று கணக்கு சொல்லும். சுவரைத் தள்ளிக் களைத்தவனிடம் "நீ வேலையே செய்யலையே" என்று சொல்கிற மாதிரி. அதனால்தான் தசை எவ்வளவு அழுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் அழுத்த-நேரப் பெருக்கம் வந்தது. தசை செலவழிக்கும் ஆக்சிஜனுக்கு நெருக்கமானது இதுதான். தினசரி ரவுண்ட்ஸில் இரண்டையுமே யாரும் கணக்கிடுவதில்லை. இவற்றின் நிழலாக இருக்கும் சுலபமான அளவுகளைத்தான் எடுக்கிறோம்.

ஏன் அளக்க வேண்டும்? உழைப்பு மிகுந்தால் தசை களைக்கும். ஆரோக்கியத்தில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சில சதவீதமே மூச்சுக்குப் போகிறது. மோசமான நிலையில் அது 20 சதவீதத்தையும் தாண்டலாம். அதோடு, பலமாக இழுக்கும் நோயாளி தன் நுரையீரலைத் தானே புண்ணாக்கிக்கொள்ளலாம் என்று பிரோஷார், ஸ்லட்ஸ்கி, பெசன்டி ஆகியோர் 2017-ல் எழுதினார்கள். மறுபக்கம், உழைப்பே இல்லாவிட்டால் உதரவிதானம் (டயஃப்ரம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள முக்கிய மூச்சுத் தசை) வற்றிப்போகும். 2008-ல் வெளியான லெவைனின் ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் முழுக்க மிஷின் மூச்சிலேயே இருந்த மூளைச்சாவு அடைந்தவர்களின் டயஃப்ரம் நார்கள் பாதிக்கும் மேல் சிறுத்திருந்தன. மூன்று நாள்கூட ஆகவில்லை! ஆக, தேடுவது குறைந்த உழைப்பை அல்ல, அளவான உழைப்பை.

கண்ணும் கையும்

போர்வையை விலக்குங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஏ.சி. குளிருக்குக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திய நோயாளியைக் கால்மாட்டிலிருந்து பார்த்து, ஸ்கிரீனை வாசித்துவிட்டுப் போகும் ரவுண்ட்ஸ்கள் நிறைய நடக்கின்றன.

தலைமாட்டுக்கு வாருங்கள். இரண்டு விரல்களைக் காறை எலும்புக்குச் சற்று மேலே, கழுத்தின் பக்கவாட்டுத் தசைமீது மெதுவாக வையுங்கள். நிதானமான மூச்சில் அந்தத் தசை தூங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது விரலடியில் கயிறு மாதிரி முறுக்கினால், டயஃப்ரம் மட்டும் போதாமல் துணைக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். தொண்டைக்குழி உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, நெற்றியில் வியர்வை உண்டா என்று பாருங்கள். ஒரு கையை நெஞ்சிலும் மற்றொன்றை வயிற்றிலும் வையுங்கள். மூச்சு இழுக்கும்போது இரண்டும் சேர்ந்து எழ வேண்டும். நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே போனால் டயஃப்ரம் தோற்றுக்கொண்டிருக்கிறது. மூச்சு விடும்போது வயிறு கல்லாக இறுகுகிறதா என்பதையும் கவனியுங்கள். வெளியே தள்ளுவதற்கும் தசையைப் பயன்படுத்துகிறார் என்பது அது.

மூச்சு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 18 மூச்சு விட்டுக்கொண்டு அபாரமாக இழுப்பவரும் உண்டு, 32 விட்டாலும் மேலோட்டமாக இழுப்பவரும் உண்டு. யாங், டோபின் இருவரும் 1991-ல் கொடுத்த வேக-மேலோட்ட மூச்சுக் குறியீடு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. நிமிட மூச்சு எண்ணிக்கையை லிட்டரில் சொன்ன டைடல் வால்யூமால் வகுக்க வேண்டும். 105-க்குக் கீழே இருந்தால் தொண்டையில் போட்ட மூச்சு டியூபை எடுக்கும் யோசனைக்குப் போகலாம். சப்போர்ட் இல்லாமல் அளக்க வேண்டிய குறியீடு அது. பிரஷர் சப்போர்ட் 12 வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு "60 இருக்கு சார்" என்று மகிழ்வதில் பொருளில்லை.

ஒரு எச்சரிக்கை. கட்டுவிரியன் கடித்தவர், கில்லன்-பாரே (நரம்புகள் தாக்கப்பட்டுத் தசை தளரும் நோய்) வந்தவர் ஆகியோரிடம் இந்த அடையாளங்கள் ஏமாற்றும். முறுக்குவதற்குத் தசையில் பலம் இருந்தால்தானே முறுக்கும்? முகம் அமைதியாக இருக்கும், உள்ளே மூச்சு தீர்ந்துகொண்டிருக்கும். டியூப் போடாத நிலையில் இருந்தால், நன்றாக மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். இருபதைத் தொடவில்லை என்றால் அன்று இரவு அவரைவிட்டு நகராதீர்கள்.

ஸ்கிரீனில் வளைவு

ஸ்கிரீனை ஃப்ரீஸ் செய்து மூன்று நான்கு மூச்சுகளை நிதானமாகப் பாருங்கள். வால்யூம் கன்ட்ரோலில் (மிஷின் குறித்த அளவு காற்றைத் தள்ளும் முறை) அழுத்தக் கோடு மேடாக ஏற வேண்டும். நடுவில் கரண்டியால் தோண்டியதுபோல் குழி விழுந்தால் நோயாளி மிஷின் கொடுப்பதைவிட அதிகம் கேட்கிறார். வெளிமூச்சு ஓட்டக் கோட்டில் சின்ன மேடு தெரிந்து அதைத் தொடர்ந்து மூச்சு வரவில்லை என்றால், அவர் இழுத்தார், மிஷின் கண்டுகொள்ளவில்லை. அப்படி வீணான இழுப்புகள் மிஷினின் எண்ணிக்கையில் சேராது. வயிற்றில் கை வைத்து எண்ணினால் 34, ஸ்கிரீன் 22 என்று காட்டும்.

தலைகீழாகவும் நடக்கும். வென்டிலேட்டர் டியூபில் தேங்கிய தண்ணீர் ஆடுவதையோ இதயத் துடிப்பையோ மூச்சு என்று நினைத்து மிஷின் தானாகவே காற்றடிக்கும். கோடு நடுங்கினால் முதலில் டியூபில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பி 0.1

1975-ல் வைட்லா, டெரென், மிலிக்-எமிலி மூவரும் சொன்ன உத்தி. மூச்சு தொடங்கும்போது காற்றுப்பாதையை அடைத்து, முதல் 100 மில்லி விநாடியில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. பாதை அடைபட்டது நோயாளிக்கு உறைப்பதற்குள் அளவு முடிந்துவிடும், அதனால் அவர் எதிர்வினை அதில் கலக்காது. இன்று பல வென்டிலேட்டர்களில் மெனுவுக்குள் இது இருக்கிறது. சில மிஷின்கள் நிஜமாகவே அடைத்து அளக்கும். சில, மூச்சைத் தூண்டும் அந்தச் சிறு கணத்தை வைத்து மதிப்பிடும். உங்கள் மிஷின் எந்த வகை என்று கம்பெனி ஆளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பிடும் வகை பெரும்பாலும் குறைத்துக் காட்டும்.

ஒரு மூச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள், மூன்று நான்கின் சராசரியை எடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு 1 செ.மீ. நீருக்குக் கீழே என்றால் மூளை மூச்சைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, சப்போர்ட்டோ மயக்கமோ மிகுதி. 3.5, 4-ஐத் தாண்டினால் மூளை அவசரத்தில் இருக்கிறது. இது மூளையின் உந்துதல், தசையின் பலம் அல்ல. மூளை கத்தியும் தசை எழாமல் போகலாம். அதனால் இதை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது.

ஒரு பட்டனில் ஒரு கணக்கு

புதிதாக வருபவர் ஒரே ஒரு முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வார்டில் இதற்கு "பி-ஆக்" (காற்றுப்பாதையை அடைத்ததும் அழுத்தம் விழும் அளவு) என்று பெயர். புதுக் கருவி வேண்டாம், செலவு இல்லை, பெரும்பாலான ஐ.சி.யு. வென்டிலேட்டர்களில் உள்ள எக்ஸ்பிரேட்டரி ஹோல்டு பட்டன் போதும்.

நோயாளிக்கு நினைவிருந்தால் முதலில் காதருகே சொல்லுங்கள்: "அண்ணே, ஒரு மூச்சு அடைச்ச மாதிரி இருக்கும். ஒண்ணுதான். பயப்படாதீங்க." கஃபில் (மூச்சு டியூபைச் சுற்றிய காற்றுப்பை) கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். நோயாளி மூச்சை விட்டுக்கொண்டிருக்கும்போது பட்டனை அமுக்குங்கள். அடுத்து அவர் இழுக்கும்போது கதவு மூடியிருக்கும். அழுத்தக் கோடு பீப்பிலிருந்து (மூச்சை விட்ட முடிவிலும் மிஷின் விட்டுவைக்கும் அழுத்தம்) கீழே விழும். ஒரே ஒரு இழுப்பு முடிந்ததும் பட்டனை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது மூச்சில் அவர் பயந்து இழுப்பார், எண்ணும் கெடும், அவருக்கும் வேதனை. ஸ்கிரீனை ஃப்ரீஸ் செய்து, பீப்பிலிருந்து கோடு தொட்ட அடிமட்டம்வரை எவ்வளவு என்று கர்சரால் அளவெடுங்கள். சில நிமிட இடைவெளியில் மூன்று முறை.

இப்போது அந்த இரவுக்கு வரலாம். கழுத்தைத் தொட்டேன். தசை விரலடியில் துள்ளியது. போனில் எழுப்பிய கன்சல்டன்ட் தூக்கக் குரலில், "ஹோல்டு அமுக்கிப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க" என்றார். பீப் 8 (எல்லா அழுத்தமும் செ.மீ. நீரில்). அமுக்கினேன். கோடு மைனஸ் 14-க்குப் போனது. வீழ்ச்சி 22.

2019-ல் பெர்டோனி, கோலிகர் குழுவினர் வெளியிட்ட கணக்கு இது. வீழ்ச்சியில் முக்கால் பங்கு தசையின் அழுத்தம். 22-ல் முக்கால் 16.5. ஏறக்குறைய 5 முதல் 10 வரை இருந்தால் நிம்மதி, இது அதைவிட எங்கேயோ போய்விட்டது. அடுத்து, நுரையீரல்மீது விழும் மொத்த இழுவிசை. மிஷினின் உச்ச அழுத்தத்திலிருந்து பீப்பைக் கழித்து, அதோடு வீழ்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்ட வேண்டும். உச்சம் 18, பீப் 8, மிச்சம் 10. 22-ல் மூன்றில் இரண்டு கிட்டத்தட்ட 15. கூட்டினால் 25. அந்த ஆய்வு எச்சரிக்கைக் கோடாக வைத்தது 15-ஐ.

அதாவது ஸ்கிரீன் 10 என்று காட்டிக்கொண்டிருந்த இடத்தில் நிஜத்தில் நடந்தது 25. ஸ்கிரீன் பொய் சொல்லவில்லை. தன் பங்கை மட்டும் சொன்னது.

இந்தக் கணக்கை நகைக்கடைத் தராசாக நினைக்காதீர்கள், அரிசிக் கடைத் தராசு. 16.5-க்கும் 15-க்கும் வித்தியாசம் பேச இது உதவாது. ஆபத்தான அளவுக்கு அதிகமா, சோம்பும் அளவுக்குக் குறைவா, நடுவிலா என்று பிரிக்கத்தான். வீழ்ச்சி 5-க்கும் கீழே என்றால் தசை சும்மா கிடக்கிறது, அல்லது பலமே இல்லை. எது என்று நோயாளியின் கதைதான் சொல்லும். கட்டுவிரியன் கடிக்காரருக்கு வீழ்ச்சி 3 என்றால் அது நிம்மதி அல்ல.

இதற்குத் தம்பி முறை ஒன்று உண்டு. பிரஷர் சப்போர்ட் மூச்சின் முடிவில் இன்ஸ்பிரேட்டரி ஹோல்டு கொடுத்தால், இழுத்துக்கொண்டிருந்த தசை தளர்ந்து அழுத்தக் கோடு உச்சத்தைத் தாண்டி மேலே ஏறி நிற்கும். அந்த மட்டத்துக்கும் பீப் கூட்டல் சப்போர்ட்டுக்கும் உள்ள இடைவெளி தசையின் பங்கைக் காட்டும். 1997-ல் ஃபோட்டி குழு சொன்னது. 6-ஐத் தாண்டினால் அதிகம். கோடு சமதளமாக நிற்காமல் ஆடினால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

மாஸ்க் வென்டிலேஷனிலும், மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் கொடுக்கும் ஹை-ஃப்ளோவிலும் இந்த ஹோல்டு வித்தைகள் பலிக்காது, காற்று எங்காவது கசியும். அங்கே கழுத்தும் வயிறும் அல்ட்ராசவுண்டும்தான்.

உணவுக்குழாய் பலூன்

மற்ற எல்லா அளவுகளையும் சரிபார்க்கும் உரைகல் இது. நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரில் அளக்க ஊசி குத்த முடியாது. உணவுக்குழாய் நெஞ்சுக்கூட்டின் வழியாகப் போவதால், அதில் ஒரு சின்னப் பலூனை நிறுத்தினால் அக்கம்பக்கத்து அழுத்தம் தெரியும். பயிட்டென்டைக் 1949-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். சென்னையில் எல்லா ஐ.சி.யு.விலும் இது கிடைக்காது. கேத்தெட்டர் விலையும் குறைவில்லை. கிடைக்கும் இடத்தில் இருந்தால் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூக்கு வழியாக 55, 60 செ.மீ.வரை இறக்கினால் பலூன் இரைப்பையில் இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவு காற்றை மட்டும் நிரப்புங்கள். மேல்வயிற்றை மெதுவாக அமுக்கினால் கோடு துள்ள வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுங்கள். 35, 40 செ.மீ. வரும்போது கோட்டில் இதயத் துடிப்பின் சிற்றலைகள் தெரியும், மூச்சு இழுக்கும்போது கோடு கீழே போகும். நெஞ்சுக்குள் வந்தாயிற்று.

இடம் சரியா என்று சோதிக்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். 1982-ல் பேடர் கொடுத்த சோதனை எளிது. எக்ஸ்பிரேட்டரி ஹோல்டில் நோயாளி இழுக்கும்போது காற்றுப்பாதை அழுத்தமும் பலூன் அழுத்தமும் ஒரே அளவு இறங்க வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.8 முதல் 1.2-க்குள். அசையாமல் கிடப்பவருக்கு, ஹோல்டின்போது நெஞ்சை மெதுவாக அமுக்கி இரண்டும் சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் பலூனின் காற்றையோ இடத்தையோ மாற்றி மறுபடி.

மூச்சுக்கு 3 முதல் 8 செ.மீ. இறக்கம் ஆரோக்கியத்துக்கு அருகில். 15-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். இந்த இறக்கத்தையே தசையின் முழு பலம் என்று எழுதிவிடாதீர்கள். நெஞ்சுக்கூட்டை விரிக்கவும் தசை செலவழிக்கிறது, அதையும் கூட்ட வேண்டும். பருமனானவர், வயிறு உப்பியவர் என்றால் வித்தியாசம் பெரிது. இந்த இரண்டையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கத்தான் கேம்பெல் வரைபடம் இருக்கிறது. அழுத்த-நேரப் பெருக்கத்தை மிஷினோ மென்பொருளோ போட்டுக்கொடுத்தால், நிமிடத்துக்கு 50 முதல் 100 செ.மீ. நீர்-விநாடி சுமாரான உழைப்பு, 200-ஐத் தாண்டினால் கடும் உழைப்பு.

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளியிடம் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. காற்று உள்ளே வரத் தொடங்கும் புள்ளியிலிருந்து அளக்கக் கூடாது, பலூன் கோடு கீழே இறங்கத் தொடங்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவர் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார். காற்று வரவில்லை, உழைப்பு மட்டும் போகிறது.

ஆசிட் குடித்து வந்தவர், உணவுக்குழாய் அறுவை சிகிச்சை ஆனவர், உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்தவர் ஆகியோருக்கு வேண்டாம். மழைக்காலம் முடிந்து டெங்கு பெருகும் மாதங்களில் பிளேட்லெட் 15 ஆயிரத்தோடு படுத்திருப்பவர் மூக்கில் எதையும் விடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அல்ட்ராசவுண்ட்

வலது பக்கம், அக்குளின் முன் கோட்டுக்கும் நடுக் கோட்டுக்கும் இடையில், 8 முதல் 10-ஆவது விலா இடுக்கில் லீனியர் புரோபை வையுங்கள். கல்லீரலுக்கு மேலே இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்பாக டயஃப்ரம் தெரியும். மூச்சு விட்ட முடிவில் ஒரு அளவு, இழுத்த முடிவில் ஒரு அளவு. வித்தியாசத்தை முதல் அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 2.0 மி.மீ. 2.5 ஆனால் 25 சதவீதம். 15-க்கும் 30-க்கும் நடுவில் என்றால் ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான ஆளின் உழைப்பு மாதிரி.

எளிதாகத் தோன்றும். ஆனால் கர்சர் 0.2 மி.மீ. தவறினாலே அந்த 2 மி.மீ. தசையில் கணக்கு பத்து சதவீதம் புரண்டுவிடும். அதனால் புரோப் வைத்த இடத்தைத் தோலில் பேனாவால் குறித்து வையுங்கள், நாளைக்கும் அதே இடத்தில், முடிந்தால் அதே ஆள் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் இருபது நோயாளிகள்வரை வரும் எண்களை யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது.

டயஃப்ரத்தின் மின்துடிப்பையே இரைப்பைக் குழாய் வழியாக அளந்து மிஷினை ஓட்டும் முறையும் இருக்கிறது, 1999-ல் சின்டர்பி குழு கொண்டுவந்தது. அதற்கென்று தனி மிஷின் வேண்டும் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

எண் கையில் வந்த பிறகு

உழைப்பு அதிகம் என்றதும் புதியவர்கள் கை நேராக மயக்க மருந்துக்குப் போகிறது. கடைசியில் வர வேண்டியது அது. ஏன் இழுக்கிறார்? காய்ச்சலா, வலியா, ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, யூரின் டியூப் மடங்கி மூத்திரப்பை வீங்கியிருக்கிறதா, படுக்கையின் கைப்பிடியில் வென்டிலேட்டர் டியூப் சிக்கியிருக்கிறதா? இவற்றை முடித்துவிட்டு சப்போர்ட்டை மாற்றிப் பாருங்கள். கூட்டினால் தசை இளைப்பாறும், ஆனால் டைடல் வால்யூம் எகிறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் மருந்து. அதிலும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) பெரும்பாலும் மூச்சின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். இழுப்பின் பலத்தைக் குறைப்பது புரோபோஃபால் என்ற மயக்க மருந்து.

உழைப்பு குறைவு என்றால் தலைகீழ் வழி. சப்போர்ட்டை இரண்டு இரண்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பத்து இருபது நிமிடம் விட்டு மறுபடி ஹோல்டு அமுக்கிப் பாருங்கள்.

சார்ட்டில் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. "பி-ஆக் 12, சப்போர்ட் 10, பீப் 6, காலை 8 மணி, விழித்திருக்கிறார்" என்று எழுதினால் மதியம் வருபவருக்குப் புரியும். குறைந்தது ஒரு ஷிஃப்டுக்கு ஒருமுறை, செட்டிங் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை.

அந்த இரவு 25 என்று கணக்கு வந்ததும் கன்சல்டன்டை மறுபடி கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு நாள் முன்னாடி முழு மயக்கத்துல இருந்தப்போ கம்ப்ளையன்ஸ் எவ்வளவு?" கம்ப்ளையன்ஸ் என்பது ஒரு செ.மீ. நீர் அழுத்தத்துக்கு எத்தனை மி.லி. விரிகிறது என்ற கணக்கு. சார்ட்டைப் புரட்டினேன், 45. இப்போது 25 அழுத்தத்துக்கு 430 மி.லி. வகுத்தால் 17. எக்ஸ்ரே தெளிந்த நுரையீரல் இரண்டு நாளில் இவ்வளவு விறைக்காது. அப்படியானால் விறைப்பு இல்லை, தடை. எங்கேயோ அடைப்பு.

சளி உறிஞ்சும் கேத்தெட்டர் தங்குதடையில்லாமல் உள்ளே போனது. வீசிங் இல்லை. சிஸ்டர் அதற்குள் டியூப் வாயில் மாட்டியிருந்த ஈரப்பத ஃபில்டரைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே சளி ஊறி, தண்ணீர் கோத்து, நனைந்த பஞ்சு மாதிரி கனத்தது. அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையில் ஃபில்டர் ஸ்டாக் குறைவு. ஒரு நாள் கூடுதலாகவே ஓட்டியிருந்தோம்.

ஏன் அலாரம் அடிக்கவில்லை? வால்யூம் கன்ட்ரோலாக இருந்திருந்தால் அடைபட்ட ஃபில்டரால் உச்ச அழுத்தம் ஏறி மிஷின் கத்தியிருக்கும். பிரஷர் சப்போர்ட்டில் மிஷின் வைத்த அழுத்தத்தைத் தாண்டாது, அடைப்பு இருந்தால் வால்யூம்தான் குறையும். அந்த வால்யூமையும் குறையவிடாமல் மனிதர் தன் தசையால் இழுத்து ஈடுகட்டிக்கொண்டிருந்தார். அலாரத்தை அடக்கி வைத்திருந்தது அவருடைய கழுத்துதான்.

ஸ்டோரிலிருந்து ஒரு புது ஃபில்டர் வந்தது. மாட்டி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஹோல்டு அமுக்கினேன். வீழ்ச்சி 11. சிஸ்டர் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, ஃபில்டர் மாற்றிய தேதியையும் மணியையும் பிளாஸ்டரில் எழுதி டியூபின்மேல் ஒட்டினார்.